நெஞ்சினுள் நரம்புக் கட்டியும் நுண்துவாரச் சத்திர சிகிச்சையும்

நோய் என்றால் நோவு இருத்தல் வேண்டும் என்பது நம்முட் பலருடைய எண்ணம். நோவு இல்லாதவிடத்து வைத்தியரை நாடுவானேன் என்று கேட்போரும் உளர். ஆயினும், எவ்விதத் துன்பமும் காட்டாது மனித உடம்பினுள்ளே ஆண்டுக்கணக்காக வளரும் கட்டிகள் சில உண்டு. அவற்றுள் அரிதான ஒருவகையைப் பற்றியும், அதனை அகற்றுதற்கு இக்கால வைத்தியர்கள் கையாளும் முறையைப் பற்றியும் நேயர்களுக்குச் சிறிது எடுத்துரைக்க விரும்புகிறேன்.

நான் வைத்தியன் அல்லேன். கலைப் பிரிவிற் பட்டம் பெற்று, முப்பது ஆண்டுகளாகப் பிள்ளைகளுக்குப் பாடஞ் சொல்லி வருபவன். இப்பொருளில் என் மனம் சென்றமைக்குக் காரணம் ஒன்று உண்டு. என்னோடு பணிபுரியும் ஆசிரியர் ஒருவர், நாற்பது வயதைக் கடந்தவர், வேறொரு தேவைக்காக மார்பை எக்ஸ்-கதிர்ப் படம் எடுப்பித்தார். அப்படத்திலே முள்ளந்தண்டின் வலப்பக்கத்தை ஒட்டி, தேசிக்காயளவில் உருண்டையான நிழல் ஒன்று தெரிந்தது. அவருக்கு இருமல் இல்லை; காய்ச்சல் இல்லை; மூச்சு முட்டும் இல்லை. நாள்தோறும் துவிச்சக்கர வண்டியிற் பாடசாலைக்கு வந்து போகின்றவர்.

"ஐயா, நெஞ்சைப் பிளந்துதான் எடுக்கவேண்டும் என்றால், அது இருக்கிறபடியே இருந்துவிட்டுப் போகட்டும் என்று மனம் சொல்லுகிறது. தாங்கள் என்ன நினைக்கிறீர்கள்?" என்று என்னிடம் வந்து கேட்டார்.

எனக்கு விடை தெரியவில்லை. தெரியாததைத் தெரிந்ததுபோற் சொல்லுதல் ஆசிரியனுக்கு அழகன்று. ஆதலால் நூல்களைப் புரட்டினேன். வைத்தியராக விளங்கும் என் பழைய மாணவர் ஒருவரை அணுகிக் கேட்டறிந்தேன். அவ்வாறு அறிந்தவையே இப்பேச்சின் பொருளாகும்.

முதலில் அக்கட்டி இருக்கும் இடத்தை அறிந்துகொள்வோம். நமது நெஞ்சறையை ஒரு வீடாகக் கொண்டால், வலமும் இடமுமாக உள்ள இரண்டு சுவாசப்பைகளும் இரண்டு அறைகள் எனலாம். அவற்றின் நடுவே முன்பின்னாக ஓடும் நடையிலேதான் இருதயமும், பெரிய குருதிக் குழாய்களும், மூச்சுக் குழாயும், உணவுக் குழாயும் அடுக்கப்பட்டிருக்கின்றன. அந்த நடையின் பின்கோடி முள்ளந்தண்டு. முள்ளந்தண்டின் உள்ளே முண்ணாண் என்னும் பெரிய நரம்புத் தண்டு மூளையிலிருந்து இறங்கி வருகின்றது. ஒவ்வோர் இரண்டு முள்ளென்புகளுக்கும் இடையிலுள்ள சிறு துவாரத்தின் வழியே அதிலிருந்து ஒரு சோடி நரம்புகள் வெளிப்படுகின்றன. நெஞ்சுப் பகுதியில் இவ்வாறு வெளிப்படுவன பன்னிரண்டு சோடி. இவை விலா என்புகளின் கீழ் விளிம்பை ஒட்டி, முன்புறம் நோக்கி ஓடுகின்றன.

இவையன்றி, முள்ளந்தண்டின் இருமருங்கிலும், கோத்த மணிமாலை தொங்குவதுபோல, மேலிருந்து கீழாகச் செல்லும் நரம்புச் சங்கிலிகள் இரண்டு உள்ளன. இவற்றைப் பரிவு நரம்புகள் என்பர். வியர்வை சுரத்தல், கண்மணி விரிதல், இருதயத் துடிப்பு விரைதல் முதலியவற்றை நமது விருப்பத்தைக் கேளாமலே நடத்துவன இவை.

மின்கம்பியைச் சுற்றி றப்பர் உறை இருப்பதுபோல நரம்பிழைகளைச் சுற்றியும் ஓர் உறை உண்டு. அவ்வுறையை ஆக்கும் கலங்கள், 1839 ஆம் ஆண்டில் நூல் எழுதிய தியோடர் சுவான் என்னும் ஜெர்மானிய அறிஞரின் பெயரைத் தாங்கி, சுவான் கலங்கள் என வழங்குகின்றன. இக்கலங்கள் ஏதோ ஒரு காரணத்தால் அளவு மீறிப் பெருகும்போது நரம்பின்மேல் ஒரு கட்டி உருவாகின்றது. உறையிலிருந்தே இத்தகைய கட்டி எழுகின்றது என்பதை 1910 இல் விளக்கியவர் வெரோக்கே என்னும் நோயியல் அறிஞர். இக்கட்டி பெரும்பாலும் தனக்கென ஒரு மெல்லிய பையை உடையது. நரம்பிழைகளை ஒருபக்கமாக ஒதுக்கிக்கொண்டு வளர்வது. வேறொரு வகைக் கட்டியோ நரம்பிழைகளினூடே கலந்து வளர்கின்றது. மூன்றாவது வகை, பரிவு நரம்புச் சங்கிலியின் மணிகளிலிருந்து தோன்றுவது. இது பெரிதும் சிறுபிள்ளைகளிடத்துக் காணப்படும்.

நடுமார்பிலே தோன்றும் கட்டிகள் யாவுமே அரியவை. வளர்ந்தோரிடத்து அவ்வாறு தோன்றுவனவற்றுள் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு நரம்புக் கட்டிகள் என்பர். ஆனால், முள்ளந்தண்டை ஒட்டிய பின்பகுதியில் மாத்திரம் பார்த்தால் பெரும்பாலானவை இவ்வினத்தனவே. வளர்ந்தோரிடத்து இவற்றுட் பெரும்பாலானவை தீங்கற்றவை, புற்றுநோய் அல்லாதவை. சிறுபிள்ளைகளிடத்துத் தோன்றுவனவற்றுட் கொடியவை கூடுதலாக உண்டு. ஆகவே பிள்ளைகளிடத்து அவை தென்பட்டால் தாமதம் கூடாது.

இங்கே ஒரு வினா எழும். தீங்கற்ற கட்டி என்றால் அதனை எடுப்பானேன்? என் நண்பரும் இதையே கேட்டார். இதற்கு மூன்று விடைகள் உள. முதலாவது, தீங்கற்றது என்பது கட்டியின் குணத்தைப் பற்றிய சொல். அது இருக்கும் இடத்தைப் பற்றிய சொல்லன்று. நெருக்கமான இடத்தில் வளர்வது எதுவாயினும், காலஞ் செல்ல அயலில் உள்ளவற்றை நெருக்கவே செய்யும். பத்துக் கட்டிகளில் ஏறக்குறைய ஒன்று, நரம்பு வெளிப்படும் சிறு துவாரத்தின் வழியாக முள்ளந்தண்டினுள்ளே நுழைந்துவிடுகின்றது. உள்ளே ஒரு குமிழ், வெளியே ஒரு குமிழ், இடையில் ஒடுங்கிய கழுத்து என உடுக்கை வடிவில் அது அமைகின்றது. உட்குமிழ் முண்ணாணை அழுத்தினால் கால்கள் தளரும். இரண்டாவது, நிழலைக் கொண்டு மாத்திரம் கட்டியின் குணத்தை முற்றாக அறிதல் இயலாது. சிறுபான்மையானவை கொடியவையாக இருத்தல் கூடும். சிறப்பாக, 1882 இல் வொன் றெக்லிங்ஹவுசன் விரித்துரைத்த பரம்பரை நோயை உடையவர்களிடத்து இவ்வச்சம் கூடுதலாகும். மூன்றாவது, கட்டி பருக்கப் பருக்க அதனை எடுக்கும் வேலையும் கடினமாகின்றது.

ஆயினும், எல்லோருக்கும் கத்திதான் முடிவு என்று கொள்ளுதல் கூடாது. முதியவராய், பிற நோய்களால் மெலிந்தவராய் இருப்பவரிடத்துச் சிறிய கட்டி ஒன்று காணப்பட்டால், காலத்துக்குக் காலம் படம் எடுத்துப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பதே நலம் என்று வைத்தியர்கள் கருதுவதும் உண்டு. என் நண்பரின் வீட்டுப் பெட்டகத்திலே, பதினொரு ஆண்டுகளுக்கு முன் எடுத்த பழைய எக்ஸ்-கதிர்ப் படம் ஒன்று கிடந்தது. அதனை எடுத்துவரச் சொன்னார்கள். அதிலும் அதே இடத்தில் கடலைக்கொட்டை அளவில் ஒரு நிழல் இருந்தது. அன்று எவர் கண்ணிலும் அது படவில்லை. இரண்டு படங்களையும் அருகருகே வைத்துப் பார்த்தபோது, கட்டி மெல்ல வளர்வது என்பதும், வளர்ந்துகொண்டே இருப்பது என்பதும் ஒருங்கே விளங்கின. பழைய படங்களை வீசிவிடாதீர்கள் என்று நேயர்களுக்கு இவ்விடத்திற் சொல்லிவைக்கிறேன்.

இனி, சிகிச்சையின் வரலாற்றைச் சிறிது நோக்குவோம். வயிற்றைத் திறக்கத் துணிந்த சத்திர வைத்தியர்கள் நெஞ்சைத் திறக்க நெடுங்காலம் அஞ்சினர். நெஞ்சறை காற்றுப் புகாத பெட்டி போன்றது. அதன் சுவரில் ஓட்டை விழுந்தால் வெளிக்காற்று உட்புகும். சுவாசப்பை காற்றிழந்த பந்துபோற் சுருங்கும். 1904 ஆம் ஆண்டில் பிரெஸ்லவ் நகரில் சவர்புறூக் என்பார் இதற்கொரு வழி கண்டார். காற்றமுக்கம் குறைக்கப்பட்ட ஓர் அறையினுள்ளே நோயாளியின் உடம்பையும் வைத்தியரையும் இருத்தி, நோயாளியின் தலையை மாத்திரம் வெளியே வைத்தார். பின்னர், மூச்சுக் குழாயினுள்ளே குழாய் ஒன்றைச் செலுத்திக் காற்றை ஊட்டும் முறை வந்தது, அவ்வறை வேண்டாததாயிற்று.

நெஞ்சைத் திறத்தல் இவ்வாறு இயல்வதாயினும் அதற்குரிய விலை பெரிது. தோட்பட்டை என்பின் கீழே தொடங்கி விலாவைச் சுற்றி ஒரு சாணுக்கு மேலாகத் தோலையும் தசையையும் வெட்டவேண்டும். பின்னர், இரும்புக் கருவியொன்றை இரண்டு விலா என்புகளுக்கிடையே வைத்துத் திருகி, அவற்றை விரிக்கவேண்டும். விலா என்பின் கீழ் விளிம்பிலேதான் நரம்பு ஓடுகிறது என்று முன்னர்க் கூறினேன். விரிக்கும்போது அந்நரம்பு நசிகின்றது. காயம் ஆறிய பின்னரும் மாதக்கணக்காக, சிலருக்கு ஆண்டுக்கணக்காக, அவ்விடத்தில் எரிவும் நோவும் நிலைப்பதுண்டு. மூன்று விரலகலக் கட்டியை எடுப்பதற்கு ஒரு சாண் வாயில். கட்டி ஒருநாளும் தராத நோவை அக்கட்டிக்குச் சென்ற வழி தந்தது. என் நண்பர் அஞ்சியதும் இதனையே.

இந்த வழியைச் சுருக்கலாம் என்னும் எண்ணம் காசநோய் வைத்தியத்திலே தோன்றியது. நம் பாட்டன்மார் காலத்தில் கயரோகம் என்று அஞ்சப்பட்ட அந்நோய்க்கு மருந்தில்லாத நாளில், நெஞ்சறைக்குட் காற்றைச் செலுத்தி, நோயுற்ற சுவாசப்பையைச் சுருக்கி ஓய்வு கொடுப்பது ஒரு சிகிச்சையாக இருந்தது. சிலருக்குச் சுவாசப்பை நெஞ்சுச் சுவரோடு இழை இழையாக ஒட்டிக்கொள்வதால் அது சுருங்க மறுக்கும். ஸ்டொக்ஹோம் நகரத்து வைத்தியர் யக்கோபேயுஸ், மூத்திரப்பையை நோக்குதற்கு அமைந்த விளக்குக் குழாயை நெஞ்சறையினுட் செலுத்திப் பார்த்து, 1910 இல் அதனை வெளியிட்டார். சில ஆண்டுகளில் இரண்டாவது துவாரம் ஒன்றின் வழியாகச் சூடேற்றிய கம்பியைச் செலுத்தி, அவ்வொட்டுக்களைக் கண்ணாற் பார்த்தபடியே அறுத்தார். பார்ப்பதற்கு ஒரு துவாரம், வேலை செய்வதற்கு ஒரு துவாரம் என்னும் இன்றைய முறையின் வித்து அங்கே இடப்பட்டது.

1943 இல் ஸ்ரெப்ரோமைசின் கண்டுபிடிக்கப்பட்டது. அதனைத் தொடர்ந்து வேறு மருந்துகளும் வந்தபின், காசநோய்க்குச் சுவாசப்பையைச் சுருக்கும் தேவை மறைந்தது; யக்கோபேயுசின் கருவியும் பெரும்பாலும் அலுமாரிக்குட் போயிற்று. அது மீண்டும் வெளிவருதற்கு வேறு துறையார் உதவினர். 1959 இல் ஆங்கிலேய பௌதிகவியலாளர் ஹரோல்ட் ஹொப்கின்ஸ், கண்ணாடித் தண்டுகளை வரிசையாக அமைத்து, ஒடுங்கிய குழாயினூடே தெளிவும் ஒளியும் மிக்க காட்சியைப் பெறும் வழியை அமைத்தார். 1969 இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்திலே, ஒளியை மின்குறிகளாக மாற்றும் சிறு சில்லு ஒன்றைப் பொயிலும் சிமித்தும் கண்டனர். இவற்றால் குழாயின் முனையிற் கமராவைப் பொருத்துதல் இயல்வதாயிற்று. அதுவரை ஒருவர் மாத்திரம் ஒற்றைக் கண்ணாற் பார்த்ததை, இப்போது சத்திர சிகிச்சைக் கூடத்தில் நிற்போர் அனைவரும் திரையிற் பெருப்பித்துக் காணலாயினர். துணைவர் கமராவைப் பிடிக்க, வைத்தியரின் இரு கைகளும் வேலைக்கு விடுபட்டன. 1990 ஆம் ஆண்டையொட்டி இம்முறை நெஞ்சுச் சத்திர சிகிச்சையிற் பரவிற்று. 1992 இல் அமெரிக்காவின் பிற்ஸ்பேர்க் நகரத்து வைத்தியர் லாண்டிரெனோவும் அவர்தம் துணைவரும், நடுமார்பின் பின்பகுதியிலிருந்த நரம்புக் கட்டியொன்றை இவ்வாறு அகற்றியதை வைத்திய ஏட்டில் எழுதினர்.

சிகிச்சை நடைபெறும் விதத்தை இனிக் கூறுவேன். முதலில் மயக்க மருந்து. நோயாளியின் மூச்சுக் குழாயினுள்ளே இரட்டைக் குழாய் ஒன்று செலுத்தப்படும். ஒன்று வலச் சுவாசப்பைக்கும் மற்றொன்று இடச் சுவாசப்பைக்கும் செல்லும். 1949 இல் சுவீடன் நாட்டுக் கார்லென்ஸ் என்பார் அமைத்த கருவியின் வழிவந்தது இது. இதனால் ஒரு சுவாசப்பை மூச்சுவிட, மற்றையதைச் சுருங்கவிட்டு வேலைக்கு இடம் உண்டாக்கலாம். முன்பு எது அபாயமாக இருந்ததோ, அதுவே இங்கே வேண்டுமென்று செய்யப்படுகின்றது.

நோயாளியை ஒருக்களித்துப் படுக்கவைத்து, சிறிது முன்புறமாகச் சாய்ப்பர். அப்போது சுருங்கிய சுவாசப்பை தன் பாரத்தால் முன்னே விழ, முள்ளந்தண்டின் ஓரம் வெளியாகும். விலா என்புகளுக்கிடையே பொதுவாக மூன்று துவாரங்கள் இடப்படும். ஒவ்வொன்றும் ஒன்று அல்லது இரண்டு சென்ரிமீற்றர் நீளம். சிலர் சற்றுப் பெரிய ஒரே துவாரத்தின் வழியாகவும் செய்வர். சிலர் இயந்திரக் கரங்களைத் துணைக்கொள்வர். எவ்வாறாயினும் விலா என்புகள் விரிக்கப்படுவதில்லை. அதுவே முக்கியம்.

நீண்ட மெல்லிய கருவிகளால், கட்டியைப் போர்த்திருக்கும் சவ்வைச் சுற்றிவரக் கீறுவர். கட்டிக்குக் குருதி கொண்டுவரும் சிறு குழாய்களை ஒவ்வொன்றாக அடைப்பர். கட்டி எந்த நரம்பில் எழுந்ததோ அதனைக் காக்க முடிந்தாற் காப்பர், முடியாதவிடத்து வெட்டுவர். பின்னர் சுருட்டிய பையொன்றை உள்ளே செலுத்தி விரித்து, கட்டியை அதனுள் இட்டு, வாயை இறுக்கி, ஒரு துவாரத்தைத் தேவையான அளவு அகலித்து இழுத்தெடுப்பர். கட்டியின் கலங்கள் சிந்தி வழியிற் படிந்துவிடாமல் இருப்பதற்கே இப்பை. முடிவில், சுருங்கிக் கிடந்த சுவாசப்பை மீண்டும் காற்றேற்று விரிவதைத் திரையிற் கண்டபின், ஒரு வடிகுழாயை மாத்திரம் உள்ளே விட்டுத் துவாரங்களைத் தைப்பர். எல்லாம் ஒழுங்காயின் ஓரிரு நாளில் அக்குழாயும் எடுக்கப்படும்.

இதனைக் கேட்கும்போது எளிதாகத் தோன்றலாம். எளிதன்று. கட்டி நெஞ்சறையின் உச்சியில் இருந்தால், பரிவுச் சங்கிலியின் மேல்மணி அதன் அருகில் உள்ளது. அது காயப்பட்டால் அப்பக்கத்துக் கண்ணிமை தாழும், கண்மணி சிறுக்கும், முகத்தின் அப்பாதி வியர்க்காது. 1869 இல் சுவிற்சர்லாந்துக் கண் வைத்தியர் ஹோர்னர் விவரித்த குறிகள் இவை. கைக்குச் செல்லும் நரம்புகளும் அவ்விடத்துக்கு அண்மையிலேயே உள்ளன. ஆதலின் அங்கே உறையைக் கீறி, புளியம்பழத்தை ஓட்டிலிருந்து எடுப்பதுபோல, உறையை விட்டுக் கட்டியை மாத்திரம் எடுப்பதுண்டு. கட்டி கீழ்ப்பகுதியில், சிறப்பாக இடப்பக்கத்தில் இருந்தால், அடம்கீவிச் என்பாரின் பெயரால் வழங்கும் குருதிக் குழாய் அவ்வழியே முண்ணாணுக்குச் செல்லுதல் கூடும். அது அறுந்தால் கால்கள் செயலிழக்கலாம்.

உடுக்கை வடிவக் கட்டியை அறியாது நெஞ்சுப் பக்கமாக நின்று இழுத்தால், முள்ளந்தண்டின் உள்ளே குருதி கசியும்; அதனை நிறுத்த நெஞ்சிலிருந்து கை எட்டாது. ஆதலால் எம்.ஆர்.ஐ. படம் எடுத்து, துவாரத்தினுள்ளே கட்டி நுழைந்துள்ளதா என்று முன்னரே அறிதல் வேண்டும். நுழைந்திருந்தால், நரம்புச் சத்திர வைத்தியர் முதுகுப்புறமாக உட்பகுதியை விடுவித்த பின்னரே நெஞ்சு வைத்தியர் தம் துவாரங்களின் வழியே எஞ்சியதை எடுப்பார். இன்னும், அரிதாகச் சில நரம்புக் கட்டிகள் அட்ரினலின் போன்ற பொருள்களைச் சுரப்பன. கருவி பட்டதும் குருதி அமுக்கம் திடீரென ஏறி உயிருக்கே இடராகலாம். அத்தகைய ஐயம் இருந்தால் குருதியையும் சிறுநீரையும் முன்னரே சோதித்து, மருந்து கொடுத்து ஆயத்தஞ் செய்தல் வேண்டும்.

வெட்டு சிறுத்தமையால் வேலை குறைந்துவிடவில்லை என்பது இவற்றால் விளங்கும். பெரிய வாயிலைத் திறந்தவர் உள்ளே கையை விட்டுத் தடவிப் பார்த்து அறிந்தவற்றை, சிறு துவாரத்தின் வழி செல்பவர் போவதற்கு முன்னரே படங்களாலும் சோதனைகளாலும் அறிந்துகொண்டு செல்லவேண்டியிருக்கிறது. கட்டி மிகப் பெரிதாயின், அல்லது கொடியதாய் அயலில் ஊடுருவியிருந்தால், பழைய பெருவாயிலே சிறந்ததாகலாம். துவாரங்களின் வழி தொடங்கிய பின் குருதி பெருகினால், வைத்தியர் நெஞ்சைத் திறக்கத் தயங்கக் கூடாது. அதனைத் தோல்வியென்று எண்ணுதல் தவறு. நோயாளியும் அதற்கு முன்னரே உடன்பட்டிருத்தல் வேண்டும்.

இவற்றையெல்லாம் என் நண்பரிடம் எடுத்துக் கூறி, வைத்தியரிடம் கேட்கவேண்டிய வினாக்கள் நான்கை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். கட்டி முள்ளந்தண்டினுள் நுழைந்துள்ளதா? அது எந்த நரம்பைச் சார்ந்தது, அந்நரம்பு போனால் நான் எதை இழப்பேன்? அட்ரினலின் சோதனை எனக்குத் தேவையா? துவாரங்களால் முடியாவிடின் என்ன செய்வீர்கள்? வைத்திய நிபுணர் நான்குக்கும் பொறுமையோடு விடை கூறினாராம். இரண்டாவதற்குப் படமே வரைந்து காட்டினாராம். அதன் பின்னரே என் நண்பர் கையொப்பம் இட்டார்.

கட்டி மூன்று துவாரங்களின் வழி எடுக்கப்பட்டது. சோதனையில் அது சுவான் கலங்களால் ஆகிய தீங்கற்ற கட்டி என்று தெரிந்தது. ஐந்தாம் நாள் அவர் வீடு திரும்பினார்; ஆறு வாரத்தில் வகுப்பறைக்கு வந்தார். ஒரு விலா நரம்பைக் காக்க முடியவில்லை. வலப்பக்க மார்பின் கீழே நாலு விரலகலத்தில் இன்றும் அவருக்கு உணர்ச்சி இல்லை; சட்டை படுவது அவ்விடத்தில் தெரிவதில்லை என்கிறார். வைத்தியர் படம் வரைந்து காட்டியபோது நிழலிட்டுக் காட்டியதும் அதே இடந்தான் என்றும், முன்னரே தெரிந்தமையால் அதனைக் குறித்துத் தாம் கலங்கவில்லை என்றும் கூறினார்.

நோவில்லாத கட்டி ஒன்று தம்மிடத்தோ தம்மவரிடத்தோ தென்படுமாயின், நேயர்கள் அஞ்சி ஒளியவும் வேண்டாம். அவசரப்பட்டு உடன்படவும் வேண்டாம். கேட்கவேண்டியவற்றைக் கேட்டறிந்து, தெளிந்த பின் முடிவுசெய்க.